சாண் நீளப் பொம்மை மீன்: தூண்டில்காரர் பதில்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அமெரிக்காவின் சான் டியாகோவில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்ததையும், அங்கே ஒரு சாணுக்குக் குறையாத பொம்மை மீனை வீசி பாஸ் மீன் பிடிக்கப் போனதையும் பற்றி. வழக்கமாக, கெண்டைக்கு மாவு எப்படிப் பிசைவது, விராலுக்கு ரப்பர் தவளை எந்த நிறம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த மாதம் அந்த நாலு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். கெண்டைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாவு அடுத்த மாதம். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

ஐயா, அவ்வளவு பெரிய பிளாஸ்டிக் மீனை இன்னொரு மீன் கடிக்கும் என்பதை நம்ப முடியவில்லை. வீடியோவில் வருவதெல்லாம் செட்டப் என்கிறான் நண்பன். உண்மையா? (கல்லூரி மாணவர், குன்னூர்)

உண்மைதான் தம்பி. நானும் முதலில் உங்கள் நண்பர் கட்சிதான். அந்தப் பொம்மை மீனுக்கு ஸ்விம்பைட் என்று பெயர். என் பேரன் அதைக் குளிக்கும் தொட்டியில் விட்டு விளையாடியதிலிருந்து எங்கள் வீட்டில் அது பொம்மை மீன்தான். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பாஸ் மீன் என்று அங்கே சொல்வது பெரும்பாலும் பெரியவாய் பாஸை. பெயருக்கு ஏற்ற வாய். நாலு கிலோ மீனின் வாய்க்குள் விரல் மடக்கிய என் கை அப்படியே போனது. அது துரத்திக் கடிப்பதைவிட, பக்கத்தில் வந்து வாயைப் பளிச்சென்று திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சுகிற ஜாதி. தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் மீனைக்கூட யோசிக்காமல் விழுங்கும்.

ஆனால் எல்லா ஊர் பாஸும் இவ்வளவு பெரிய இரைக்குப் பழகியதில்லை. இதன் பின்னால் தெற்குக் கலிஃபோர்னியாவின் கதை ஒன்று இருக்கிறது. 1959ல் ஃப்ளோரிடா வகை பாஸைக் கொண்டுவந்து சான் டியாகோ பக்கத்து நீர்த்தேக்கங்களில் விட ஆரம்பித்தார்கள். இந்த வகை இயல்பிலேயே பெரிதாக வளரும். இன்னொரு பக்கம், தூண்டில்காரர்களின் சந்தோஷத்துக்காக அதே ஏரிகளில் குளிர்காலந்தோறும் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த ட்ரவுட்டுக்கு எதிரி என்றால் என்னவென்று தெரியாது. கொட்டிய இடத்திலேயே மேல்மட்டத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். உடம்பு கொழுப்பு, துடுப்பில் குத்தும் முள்ளும் இல்லை. அந்த ஊர்ச் சில்லறை மீன்களுக்கு முதுகில் முள் உண்டு, விழுங்கத் தொல்லை. அப்புறம் பாஸ் எதைத் தேடும்? இலை போட்டு உட்கார வைத்த மாதிரிதான்.

பாஸ் பத்து கிலோவை நோக்கி வளர்ந்தது இப்படித்தான். ட்ரவுட் தின்று பெருத்த மீனிடம் விரல் நீளப் புழுவைக் காட்டினால் ஏறிட்டும் பார்க்காது என்று சிலருக்கு உறைத்தது. 1980களில் மரத்தில் உடம்பும் ரப்பரில் வாலும் வைத்த ஏ.சி. பிளக் என்ற பொம்மை மீன் வந்தது. அதற்குப் பிறகு முழு உடம்பும் மெத்தென்ற பிளாஸ்டிக்கில், செதில் செதிலாக, கண்ணுக்குள் பளபளப்போடு, ட்ரவுட்டையே உரித்துவைத்த மாதிரி வந்துவிட்டன. உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: வீடியோவில் ஏமாற்று ஒன்று உண்டு. கடிக்காத பத்தொன்பது நாட்களை அவர்கள் காட்டுவதில்லை.

எமரால்டு அணையில் ட்ரவுட் இருக்கிறதே, அங்கே இந்தப் பொம்மை மீனை வீசினால் பெரிய ட்ரவுட் விழுமா? (ஊட்டி)

விழாது. கை வலிக்கும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொம்மை எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்த மீன்தான் நம் மலையில் இருக்கிறது. ரெயின்போ ட்ரவுட்டுக்குப் பூர்வீகம் பசிபிக் கடலோரம். இங்கே 1860களில் ட்ரவுட்டைக் கொண்டுவர எடுத்த முயற்சி தோற்றது. 1907ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் ரெயின்போ இங்கே வேர் பிடித்தது. கலிஃபோர்னியாவில் அது இரை. இங்கே மேல்மலைத் தண்ணீரில் அதற்கு மேலே அதிகாரி யாரும் இல்லை, நீர்நாயும் நம்மைப் போன்றவர்களும் தவிர. ஒரே மீன்தான், ஊர் மாறினால் பதவி மாறுகிறது.

நம் ட்ரவுட் பெரும்பாலும் பூச்சி, புழு, குட்டி மீன் தின்பவை. சுழலும் தகடு வைத்த விரல் நீள ஸ்பின்னரோ, இறகில் கட்டிய ஈயோ போதும். சாண் நீளப் பொம்மையைப் பக்கத்தில் போட்டால் தன்னைத் தின்ன வந்தது என்று ஓடும். ஓடத்தானே வேண்டும்? எந்தத் தண்ணீரில் எது எதைத் தின்கிறது என்று பார்க்காமல் கடையில் எது பெரிதோ அதை வாங்குவது, பொண்ணு பார்க்காமல் தாலி செய்கிற கதை.

இன்னொன்று. அணை மின்வாரியத்துடையது, கரை வனத்துறையுடையது, மீன் மீன்வளத்துறையுடையது. எந்த இடத்தில் தூண்டில் போடலாம், உரிமம் உண்டா இல்லையா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டிலைக் காரிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள்.

சென்னையில் மீன் கடையில் 'சீ பாஸ்' என்று விற்கிறார்களே, அது இதுதானா? எங்கள் ஏரியில் பாஸ் உண்டா? (கொடைக்கானல்)

கடையில் சீ பாஸ் என்றால் நம் கொடுவா. கடலிலும் முகத்துவாரத்திலும் இருப்பது, ருசியில் ராஜா. பெரியவாய் பாஸ் வேறு குடும்பம், அமெரிக்க நன்னீர் மீன். பெயரில்தான் உறவு.

உங்கள் ஏரி 1863ல் லெவிஞ்ச் துரை கரை கட்டி உண்டாக்கியது. அதில் நான் பிடித்ததெல்லாம் கெண்டை. நீலகிரிக்கும் கண்ணாடிக் கெண்டை வந்தது 1939ல், இலங்கையிலிருந்து. அடியில் மோந்து மோந்து தின்கிற மீனுக்குப் பொம்மை மீன் எதற்கு? நாற்பத்தைந்து வருடமாக இந்த இரண்டு மலைகளிலும் தூண்டில் போடுகிறேன். பாஸை ஒரு தடவையும் இங்கே கண்ணால் பார்த்ததில்லை.

நான் தச்சு வேலை செய்பவன். வாங்க முடியாத விலை சொல்கிறார்கள். மரத்தில் ஒன்று செதுக்க முடியுமா அண்ணே? (கோத்தகிரி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தாராளமாக முடியும். நான் செய்தது மூன்று. ஒன்று பிளந்தது, ஒன்று குடித்தவன் மாதிரிப் பக்கவாட்டில் படுத்து நீந்தியது, மூன்றாவது ஒழுங்காக வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் இரும்பு என் பேச்சைக் கேட்கும், மரம் கேட்காது. உங்களுக்கு முதலிலேயே வந்துவிடலாம்.

மரம்: சில்வர் ஓக் கையருகே கிடைக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள், முதலுக்குக் கனம். மிளகுக் கொடி ஏற்றுகிற முள்முருங்கை நன்றாகக் காய்ந்தால் தக்கை மாதிரி இருக்கும், கத்திக்கும் அடங்கும். லேசான மரமாக எடுத்தால்தான் ஈயம் வைக்க இடம் கிடைக்கும், மீன் எப்படி நிற்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். 24 சென்டிமீட்டர் நீளம், 6 உயரம், 3 கனம் போதும்.

பக்கவாட்டு உருவத்தை வெட்டி எடுத்ததும் உருட்டிச் செதுக்காமல் ஒரு காரியம் செய்யுங்கள். மேலிருந்து பார்த்து நடுக்கோடு ஒன்று போடுங்கள். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மரம் சரிசமமாக இல்லாவிட்டால் மீன் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் எத்தனை ஈயம் வைத்தாலும் திருந்தாது.

அடுத்து மூட்டு. தலையிலிருந்து பாதிக்குச் சற்று முன்னால் இரண்டாக அறுத்து, முன் துண்டின் வெட்டு முகத்தை ஆப்பு மாதிரிக் கூராக்குங்கள், பின் துண்டின் முகத்தை அதற்கேற்பக் குடையுங்கள். ஒரு துண்டில் இரண்டு வளைய ஆணி, எதிர்த் துண்டில் இரண்டு, நடுவே ஊசியாக சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. இந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறதோ அதுதான் நடை. அதிகம் மடங்கினால் தறிகெட்டு ஆடும். கொஞ்சம்கூட மடங்காவிட்டால் மரக்கட்டை. ரீலை அரைச் சுற்று சுற்றி நிறுத்தினால் மீன் இடப்பக்கம் சறுக்கும், மறுபடி அரைச் சுற்று, வலப்பக்கம். பாம்பு ஊர்கிற மாதிரி அகலமாக, சோம்பலாக வர வேண்டும்.

என் இரண்டாவது மீன் படுத்துக்கொண்டது ஈயத்தால். துளை போட்டது சரி, ஆனால் உடம்பின் நடு உயரத்தில் போட்டுவிட்டேன். கனம் வயிற்றின் அடிவிளிம்பில் இருந்தால்தான் முதுகு மேலே நிற்கும். மூன்றாவதில் புத்தி வந்தது. துளை போடும் முன்பே ஈயத் துண்டுகளை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டு, இங்கே அங்கே நகர்த்திப் பார்த்து, பென்சிலால் குறித்துக்கொண்டேன். தூண்டில் முள்ளையும் மாட்டியே சோதனை போடுங்கள். இரண்டு பெரிய மும்முள் சேர்ந்தாலே கணிசமான கனம்.

மழைநீர்த் தொட்டியில் சோதித்தபோது ஒரு வினோதம். சமையலறையில் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் மெதுவாக மூழ்கிய அதே மீன், ஜனவரி மாதத் தொட்டித் தண்ணீரில் மேலே மேலே வந்தது. மந்திரம் எதுவும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் சற்று அடர்த்தி. 150 கிராம் மீனுக்கு, 25 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நடுவே வித்தியாசம் அரை கிராம்கூட வராது. ஆனால் மிதக்கவா மூழ்கவா என்று நடுவில் நிற்கிற மீனைப் புரட்ட அது போதும். எந்தத் தண்ணீரில் போடப்போகிறீர்களோ அந்தக் குளிரில் சோதியுங்கள்.

முதல் மீன் பிளந்த காரணம் சின்னது. மேலெல்லாம் மூன்று கோட் வார்னிஷ் அடித்த நான், வளைய ஆணி இறங்கிய ஓட்டைக்குள் ஒன்றும் விடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் உள்ளே போய், மரம் உப்பி, முதுகு நெடுக விரிசல். ஆணியை அரால்டைட்டில் முக்கி இறக்குங்கள்.

பெயின்ட் அடிப்பது உங்கள் கைவண்ணம். செதிலுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன்: மலைப்பூண்டு வருகிற வலைப் பை இருக்கிறதே, அதை மீன்மேல் இழுத்துக் கட்டி, கார் பட்டறை ஸ்ப்ரே பெயின்டை லேசாகத் தூவி, வலையை எடுங்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, 'இதை வாசலில் வைத்தால் பூனை வரும்' என்றாள். அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

விரால் பிடிக்கிற என் ராடும் ரீலும் இதற்குப் போதுமா? (கூடலூர்)

போதாது. ரப்பர் தவளை 10 முதல் 20 கிராம். பொம்மை மீன் 100லிருந்து 200 கிராம். அந்த ராடில் இதைக் கட்டி வீசினால் ராடின் நுனி முதலில் போகும். இதற்கென்றே ஏழே முக்கால், எட்டு அடி நீளத்தில் தடித்த ராடுகள் இருக்கின்றன. ரீலும் பெரியது, நிறைய நூல் பிடிக்கிறது. நூல் என்றால் 25 பவுண்டு தங்கூஸ், அல்லது 65 பவுண்டு பின்னல் நூல். மீன் அவ்வளவு இழுக்கும் என்பதற்காக இல்லை. வீசுகிற வேகத்தைத் தாங்க.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், மெக்ஸிகோவிலிருந்து அந்தக் காலத்தில் குடியேறியவர், தன் பழைய ராடைக் கொடுத்தார். விரால் பழக்கத்தில் மணிக்கட்டைச் சுண்டி வீசினேன். ரீலில் நூல் சிக்கி உருளை டக்கென்று நின்றது, நூல் அறுந்தது, பொம்மை மீன் மட்டும் நிற்கவில்லை. ஏரியின் நடுவில் போய் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விலையை டாலரில் கேட்டு ரூபாயில் மாற்றிப் பார்த்தேன், அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, கவணில் வைத்துச் சுற்றுவது மாதிரி மெதுவாகத் தூக்கிவிடக் கற்றுக்கொடுத்தார். வேகம் ராடின் வளைவிலிருந்து வர வேண்டும், கையிலிருந்து இல்லை.

அவ்வளவு பாடுபட்டு எத்தனை மீன் பிடித்தீர்கள்? உண்மையைச் சொல்லவும். (வத்தலகுண்டு)

'உண்மையைச் சொல்லவும்' என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். இரண்டு.

இருபத்து மூன்று காலைகள் போனேன். அந்த மாநிலத்தில் 16 வயது ஆன எவரும் உரிமம் வாங்க வேண்டும், நானும் வாங்கினேன். டிசம்பர், விடியற்காலை. அங்கே ஜனங்கள் பத்து டிகிரிக்கே கையைத் தேய்த்துக்கொண்டு நடுங்கினார்கள். உறைபனியில் தலைக்குந்தாவில் பஸ்ஸுக்கு நின்றவனிடம் அது நடக்குமா? மங்கி குல்லா போட்டுக்கொண்டு நின்றேன்.

பொம்மை மீனை வீசி, அது விழுந்ததும் எண்ண வேண்டும். சில பொம்மைகளில் பத்து விநாடியில் எத்தனை அடி இறங்கும் என்று எண்ணே போட்டிருப்பார்கள். ஐந்து என்றால் ஐந்தடி. பாறைக்குப் பக்கத்தில் அடியைத் தொடும்வரை விட்டு, அப்புறம் ரீலைச் சுற்றுவது. எவ்வளவு மெதுவாக? பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, 'இன்னும் மெதுவாக' என்று சைகை காட்டினார். நான் குறைத்தேன். அவர் மறுபடி நிறுத்தினார். கடைசியில் ஆட்டுக்கல்லில் மாவு தள்ளிவிடுகிற வேகத்துக்கு வந்தபோது தலையாட்டினார். பண்ணை ட்ரவுட் அப்படித்தான் திரியுமாம், போக வேறு இடமில்லாத மாதிரி.

பன்னிரண்டாம் நாள். பொம்மை மீன் கரையிலிருந்து எட்டடி தூரத்தில் தெளிந்த தண்ணீரில் தெரிந்தது. அதன் பின்னால் அடியில் ஒரு நிழல். பாசி பிடித்த கட்டை என்று நினைத்தேன். கட்டை துடுப்பை அசைத்தது. பச்சையும் கருப்புமாக, பக்கத்தில் திட்டுத் திட்டான கோடு, வாயோரம் பொம்மையின் வாலைத் தொடுகிற தூரம். நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன், பயத்தில்தான். பொம்மை நின்றது, அதுவும் நின்றது. கண் மட்டும் திரும்பியது. என்னைப் பார்த்ததா, என் குல்லாவைப் பார்த்ததா தெரியாது. அவசரமே இல்லாமல் திரும்பி ஆழத்துக்குள் போனது. முழங்கால் நடுங்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிடித்த இரண்டையும்விட எனக்கு அந்த மீன்தான் ஞாபகம். அதற்கப்புறம் கரையில் நிற்காமல், பத்தடி பின்னால் புதரோரம் நின்று வீசக் கற்றுக்கொண்டேன்.

முதல் மீன் இருபதாம் நாள் கிடைத்தது. 3 கிலோ 600. கடி என்று சொல்ல ஒன்றும் இல்லை, நூலில் ஈரத்துணி மாட்டின மாதிரி கனத்தது. இரண்டாவது ஒன்றரைக் கிலோ, பொம்மை அதில் பாதி நீளம். அத்தனை பேராசை.

உலகத்திலேயே பெரிய பாஸ் எது? (கேத்தி)

1932ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல். அதை 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் மிஞ்சியது. ஆனால் பழைய சாதனையை முறியடிக்க குறைந்தது இரண்டு அவுன்ஸ் வேண்டும் என்பது விதி. ஆக இருவரும் சமம். எழுபத்தேழு வருடம் காத்திருந்து ஒரு அவுன்ஸில் சமம் என்றால் வயிறு எரியாதா?

அதைவிட எனக்குப் பிடித்தது சான் டியாகோ பக்கம் டிக்ஸன் ஏரியில் இருந்த ஒரு பாஸ். தாடைக்குக் கீழே கருப்புப் புள்ளி இருந்ததால் டாட்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் புள்ளியம்மா என்றிருப்போம். 2006 மார்ச்சில் மேக் வீக்லி என்பவர் அதைக் கரைக்குக் கொண்டுவந்தபோது தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ், பதினொரு கிலோவுக்கு மேல். உலக சாதனை கையில். ஆனால் முள் வாயில் இல்லை, விலாவில் மாட்டியிருந்தது. வேண்டுமென்றே மாட்டவில்லை என்றாலும் அவர் சாதனைக்கு விண்ணப்பிக்கவில்லை, மீனை விட்டுவிட்டார். 2008ல் அது செத்து மிதந்தது. வீக்லி போட்டதும் பொம்மை மீன் இல்லை, ஜிக் என்கிற, ஈயத் தலை வைத்த சின்னத் தூண்டில் முள். இதை எழுதும்போது என் பொம்மை மீன் கட்சிக்குக் கொஞ்சம் அடிதான், சரி.

பண்ணைக் குட்டையில் பாஸ் குஞ்சு கொண்டுவந்து விட்டால் இங்கேயே பிடிக்கலாமே? சுற்றுலாவுக்கும் நல்லது. (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

ஊர் வேண்டாம் என்று நீங்களே சொன்னதிலிருந்து உங்களுக்கே இது தப்பு என்று தெரிந்திருக்கிறது. வேண்டாம். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மீனைத் தண்ணீரில் விடக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பாஸ் உலகத்தின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. குவாத்தமாலாவின் அட்டிட்லான் ஏரியில் 1958ல் பாஸை விட்டார்கள், சுற்றுலாவுக்குத்தான், நீங்கள் சொன்ன அதே காரணம். அது ஏரியின் சின்ன மீன்களையும் நண்டுகளையும் தின்று தீர்த்தது. அந்த ஏரியில் மட்டும் இருந்த ஒரு முக்குளிப்பான் பறவையின் குஞ்சுகளையும் விடவில்லை. அந்தப் பறவை இன்று உலகத்தில் இல்லை. ஜப்பானுக்கு பாஸ் வந்தது 1925ல். இன்று பிவா ஏரி இருக்கும் ஷிகா மாவட்டத்தில், பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடுவதற்கே தடை.

பண்ணைக் குட்டை என்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரு ராத்திரி போதும், குட்டை உடைந்து ஓடைக்கு வந்துவிடும். ஓடையில் இருப்பது அயிரையும் கல்நக்கியும். வாயைத் திறந்தால் போதும், பாஸுக்கு மென்றுகூடத் தின்ன வேண்டியதில்லை. ட்ரவுட்டும் கெண்டையும் வந்தவைதானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். ஆமாம், வந்தவைதான். அவற்றால் போனது என்ன என்று அன்று யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. அதற்காக இன்னொன்றையும் விடுவதா?

பிடித்த மீனை மறுபடி விட்டுவிடுகிறார்களாமே. கையால் வாயைப் பிடித்துத் தூக்குகிறார்கள், கடிக்காதா? (பழனி)

பெரிய பாஸ் பெரும்பாலும் பெண் மீன், பத்து வருடத்துக்கு மேல் வயதிருக்கும். அதைக் குழம்பு வைப்பதைவிட விடுவதுதான் அந்த ஏரிக்கு லாபம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு முதல் மீனை விட மனசு கேட்கவில்லை, 3 கிலோ 600 மீன்! என் மனைவி இருந்திருந்தால் மிளகாய்ப்பொடியோடு கரையிலேயே நின்றிருப்பாள்.

பாஸின் பல் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, அவ்வளவுதான். கட்டைவிரலைக் கீழ்த்தாடையில் கொடுத்துத் தூக்கலாம். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடக் கூடாது, இன்னொரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுங்கள். வீடியோ பார்த்துவிட்டு விராலிடம் இதைச் செய்து பார்க்காதீர்கள். விராலுக்குப் பல் இருக்கிறது.

மச்சான் துபாயிலிருந்து ரப்பர் பொம்மை மீன் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றின் வால் மடங்கிப்போய்க் கிடக்கிறது, இன்னொன்று பெட்டியில் இருந்த ரப்பர் புழுவோடு ஒட்டி உருகியிருக்கிறது. என்ன செய்வது? (மஞ்சூர்)

உருகியது உருகியதுதான். மெத்தென்ற பிளாஸ்டிக் வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தால் இளகி ஒட்டும், சில சமயம் பெட்டியையே தின்றுவிடும். அது வந்த அச்சுப் பெட்டியிலேயே, மீன் வடிவக் குழியில், வால் நேராக இருக்கும்படி வைக்க வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் இன்னொரு விஷயம்: காலையில் வால் விறைத்துப்போகும், மெதுவாக இழுத்தால் ஆடாது. வீசும் முன் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், முள்ளைக் கழற்றிவிட்டு.

மடங்கிய வாலுக்கு வழி இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, கொதி அடங்கியதும் வால் பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்குங்கள். தானாகவே நிமிர ஆரம்பிக்கும். கையால் நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் விட்டு, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. அந்தப் பாத்திரத்தில் மறுபடி டீ மட்டும் போட்டுவிடாதீர்கள்.